இரும்பு ஏறாத திட்டு

நாரையூரணியில் பாதி வீடுகள் தீப்பெட்டி ஆபீசையும் பட்டாசு ஆலையையும் நம்பி உலை வைப்பவை. ஊர் உலகத்துக்கெல்லாம் நெருப்புச் செய்து அனுப்புகிற அந்த ஊரில் தீபாவளிக்கு ஒரு ஓலைவெடிகூட வெடிக்காது. கண்மாய் நடுவே இருக்கிற திட்டில் அந்த நேரத்தில்தான் குருவிகள் வந்து இறங்கும், சத்தம் ஆகாது. குருவி என்றால் சிட்டுக்குருவி என்று எண்ணிவிடக் கூடாது. சின்னப் பிள்ளை உயரத்துக்கு நிற்கும் நாரை, மீனைப் பையில் அள்ளுவது போல அள்ளும் கூழைக்கடா எல்லாமே இந்த ஊருக்குக் குருவிதான். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே கரிசல்காட்டில் பெரிதாக எதையும் கண்டுவிடாத ஊர், தன்னிடம் இருக்கிற ஒரே பெரிய சங்கதியைச் சின்னதாகச் சொல்லிப் பழகிவிட்டது.

திட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் அது தீவு. பெய்யாவிட்டால் மேடு. நாட்டுக் கருவேல மரங்கள் அடைத்து நிற்கும். நடுவில் ஒரு கல். கல்லுக்குத் திட்டுச்சாமி என்று பெயர். சாமிக்குப் படையல், கொடை என்று பெரிய எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: திட்டுக்கு இரும்பு ஆகாது. அரிவாள், கோடரி, மண்வெட்டி எதுவும் ஏறக் கூடாது. பைக் சாவியைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெண்கள் சேப்டி பின்னைக் கழற்றிக் கரைக்கல்லில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போவார்கள். செல்போனில் இரும்பு உண்டா என்கிற வழக்கில் மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை. அங்கே அரிவாளோடு போக அனுமதி பெற்ற ஒரே பிறவி அரிவாள்மூக்கன் என்கிற பறவை. அதற்கும் அரிவாள் மூக்கில்தான் இருக்கிறது.

இந்த ஒற்றைச் சட்டம் எத்தனையோ பஞ்சத்தில், விறகுத் தட்டுப்பாட்டில், கரிமூட்டக்காரர்களின் பேராசையில் அந்த மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. காவலுக்கு ஆள் இல்லை, அபராதமும் இல்லை. இவ்வளவு நல்ல சட்டத்துக்குள் ஒரு ஓட்டை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பூவனலிங்கம். கண்டுபிடித்தார் என்பதைவிட அதில் விழுந்தார் என்பது சரி.

பூவனலிங்கம் ஆட்டுக்கிடை வீட்டுப் பிள்ளை. ஆட்டு வாடை பிடிக்காமல் மந்தையைக் கடற்கரை என்கிற மச்சினனிடம் தள்ளிவிட்டு, உயர்ந்த தொழில்களைத் தேடிக் கிளம்பினார். காடை வளர்த்தார்; காடைகளைப் பூனை வளர்த்துக்கொண்டது. மண்புழு உரம் போட்டார். கரிசல் வெயிலில் புழுக்கள் இரண்டே நாளில் மண்ணோடு மண்ணாகி, உரம் என்கிற வார்த்தைக்கு நேரடியாக உண்மை சேர்த்தன. அவர் தொட்டது துலங்காது என்பதில் ஊருக்கு ஒரே கருத்து. மழை எப்போது வரும் என்பதில்கூட அந்த ஊரில் அப்படியொரு ஒற்றுமை கிடையாது.

கடைசியாகத் தேனீ வளர்த்தார். கண்மாய்க் கரையில் நாலு பெட்டி. கொத்தமல்லியும் சூரியகாந்தியும் பூக்கிற வரைக்கும் ஈக்கள் சந்தோஷமாக இருந்தன. மாசி கழிந்ததும் கரிசலில் பூ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலம் பூக்கும், ஆனால் அது பூக்கும் முன்னால் கரிமூட்டத்துக்குப் போய்விடும். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஈ போன தடம்கூட இல்லை.

"காடை செத்துப் போச்சு. புழு மக்கிப் போச்சு. இது ஒண்ணுதான் உயிரோட வீட்டைவிட்டு ஓடியிருக்கு. முன்னேத்தம்தான்" என்றாள் கல்யாணசுந்தரி. அவர் மனைவி. கண்மாய் மடைக்கு முதல் வயல் அவளுடையது. அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் மிளகாய். அது அவளுக்குத் துலங்கியது. அதற்குக் காரணம் குருவிகள் என்பாள். குருவி எச்சம் விழுந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு உரமூட்டை எதற்கு?

ஒருநாள் கோவில்பட்டிக்குப் போன பூவனலிங்கம், தேன் வாங்கும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். வாசல் வளைவு தெரியாமல் ஒரு கொடி மூடிக் கிடந்தது. இளஞ்சிவப்புப் பூ, கொத்துக் கொத்தாக. சித்திரை மத்தியானம், ரயிலடி நாய்கூட நிழலைவிட்டு நகராத வெயில். அந்தக் கொடியில் மட்டும் தேனீக்கள் சந்தைக்கடை போல இரைந்துகொண்டிருந்தன.

"இது என்ன கொடி அண்ணாச்சி?"

"கொடிரோஸ்ம்பாவ."

"எந்த மாசம் பூக்கும்?"

"எந்த மாசம் பூக்காதுன்னு கேளும்."

"தண்ணி நெறைய குடிக்குமோ?"

"ஊத்துனாலும் வரும், ஊத்தாட்டாலும் வரும். அறுத்தா ரெண்டா வரும்."

"ஒரு துண்டு குடுத்தீயன்னா…"

"துண்டு என்னவே துண்டு? சாக்கு கொண்டாந்திருக்கீரா?" என்றார் முதலாளி. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரை எடுத்து, கிழங்கு கிழங்காகத் தோண்டிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிடக் காரும் அனுப்பினார். கோவில்பட்டியில் ஒரு முதலாளி சும்மா கொடுப்பதும், கொடுத்துவிட்டுச் சிரிப்பதும் ஒரே நாளில் நடந்தால் வாங்குகிறவன் யோசிக்க வேண்டும். பூவனலிங்கம் யோசிக்கவில்லை.

முதலில் வீட்டுக் கொல்லையில்தான் நட்டார். துளிர்விட்ட அன்றே கடற்கரையின் ஆடுகள் வந்து பொழுது விடியும் முன் காரியத்தை முடித்துவிட்டன. கேட்டதற்குக் கடற்கரை, "அத்தான், ஆட்டுக்கு அது கீரைன்னு தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத் தெரியலை" என்றான். கடலையே கண்டிராத அந்தக் கடற்கரைக்கு ஆட்டைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை.

ஆடு போகாத இடம் ஊரில் ஒன்றுதான் உண்டு: திட்டு. அதில் பக்தி கொஞ்சம், பயம் நிறைய. திட்டில் ஏறுகிற ஆட்டுக்குக் குருவி உண்ணி ஒட்டிக்கொள்ளும் என்று கிடைக்காரர்கள் மந்தையை அந்தப் பக்கமே விடுவதில்லை. ஆனி மாதம் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கையில், மீதிக் கிழங்குகளை எடுத்துக்கொண்டு பூவனலிங்கம் திட்டில் ஏறினார். சட்டத்தை மதிக்கிற மனிதர். மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு, கிடாக்கொம்பால் குழி தோண்டி நட்டார். ஊரே பார்த்தது. "புழு நட்டவரு இப்பம் கிழங்கு நடுதாரு" என்று சிரித்தது. அத்தோடு மறந்தது.

இரண்டாம் வருஷம் கொடி மரம் ஏறியது. மூன்றாம் வருஷம் பூத்தது. கரிசல் முழுக்கக் கருகிக் கிடந்த வைகாசியில், திட்டு மட்டும் கல்யாண வீடு மாதிரி இளஞ்சிவப்பாக நின்றது. காலிப் பெட்டிகளில் மறுபடி குடியேறிய ஈக்கள் பெட்டிக்கும் திட்டுக்கும் கயிறு கட்டினது போலப் போய்வந்தன. பூவனலிங்கத்தின் தேன் எட்டயபுரத்துக் கடைகளில் ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தொட்டது துலங்கியது. 'புழுக்காரர்' என்ற பெயர் போய் 'தேன்காரர்' என்று ஆனார். அந்தப் பெயரைக் கேட்கவே தேவையில்லாமல் இரண்டு தெரு சுற்றி வீட்டுக்குப் போவார்.

அதற்குள் கொடி சாமிக்கல்லையும் மூடியிருந்தது. கல்லைச் சுற்றிப் பூ. பூசை வைக்கும் சண்முகராஜ் ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி தனக்குத் தானே மாலை கட்டிக்கிட்டாரு."

"அண்ணாச்சி, அது நான் நட்டது" என்றார் பூவனலிங்கம்.

"கை ஒம்மதுதான். யாரு இல்லேன்னா? ஏவுனது யாரு?"

அப்படியாகக் கொடிரோஸ், திட்டுச்சாமி கொடி ஆயிற்று. திட்டில் இருக்கிற பச்சையில் இரும்பு படக் கூடாது என்ற சட்டம் அதற்கும் சேர்த்துக் காவல் நின்றது. மரத்தைக் காக்கப் போட்ட வேலி, மரத்தின் கழுத்தில் ஏறிய கயிற்றையும் சேர்த்துக் காத்தது.

முதலில் கவனித்தவள் கல்யாணசுந்தரி. ஒரு கார்த்திகையில் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

"குருவி வருது. சுத்துது. திரும்பிப் போவுது."

"வேற கண்மாயில மீன் கூட இருக்கும்."

"மீனைப் பாத்தா சுத்துது? உக்கார எடம் பாத்துல்லா சுத்துது! மரத்து மேல மெத்தை விரிச்ச மாதிரி ஒங்க கொடி கெடக்கு. அவ்வளவு பெரிய றெக்கையை வச்சுக்கிட்டு அதுக எதுக்குள்ள நொழையும்? மெத்தையில படுக்கவா வருதுக?"

அந்த வருஷம் கொடி ஏறாத ஓரத்து மரங்களில் மட்டும் சில கூடுகள். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. கொடிக்கு அடியில் மரங்கள் இலை உதிர்த்து, எலும்பாக நின்றன. மிளகாய் வயலுக்கு வந்த தண்ணீர் வெறும் தண்ணீராக வந்தது. அவள் உரமூட்டை வாங்கினாள். வாங்கிய மூட்டையைத் தலையில் சுமந்துவந்து, வேண்டுமென்றே தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து இளைப்பாறினாள்.

கோவில்பட்டியில் கல்லூரிக்குப் போகும் மகள் முத்துச்செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினாள். எங்கோ கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் மேல் அதே இலை, அதே பூ.

"அப்பா, மெக்சிகோ பக்கத்துக் கொடியாம். அழகுக்குன்னு தீவுக்குக் கொண்டுபோயிருக்காவ. இப்பம் மரம், செடி எல்லாத்தையும் மூடிக்கிட்டு வருதாம். வெட்டுனா கிழங்குலயிருந்து வருமாம். வெதை தண்ணியில மெதந்து போவுமாம். தீவுக்குத்தான் ரொம்ப ஆபத்தாம், தப்பிச்சுப் போக அங்கன உள்ளதுக்கு வேற எடம் இல்லைல்லா?"

"அது கடலுக்குள்ள இருக்க தீவு. இது பாதி வருசம் ஆளு நடந்து போற கட்டாந்தரை."

"குருவிக்கு அது தெரியுமா?" என்றாள் கல்யாணசுந்தரி அடுப்படியிலிருந்து.

பூவனலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பெட்டிகள் இரைந்தன. எதிரே திட்டு சத்தமில்லாமல் பூத்திருந்தது. சத்தமில்லாமல் என்பதுதான் உறுத்தியது. சின்ன வயதில் அந்தக் கரையில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது; குஞ்சுகளின் கத்தல் அப்படி. கொடியை எடுத்தால் ஈ போகும், ஈ போனால் தேன்காரர் என்கிற பெயர் போகும், மறுபடி புழுக்காரர். எடுக்காவிட்டால் இன்னும் இரண்டு மழைக்குள் திட்டில் மரமே மிஞ்சாது. அவர் வாழ்க்கையில் துலங்கிய ஒரே காரியம், துலங்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சண்முகராஜிடம் போனார்.

"அண்ணாச்சி, கொடியை எடுத்துருவோம்."

"எதைக் கொண்டு எடுப்பீரு? இரும்பு ஆகாதுல்லா."

"அதுக்குத்தான் கேக்க வந்தேன்."

"எங்கிட்டக் கேட்டா? சாமிட்டக் கேளும்."

சாமியிடம் கேட்பது என்றால் பூப்போட்டுப் பார்ப்பது. இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். திட்டில் ஊர் கூடியது. சாவிகளும் சேப்டி பின்களும் கரையில் குவிந்தன. ஆனி வெயிலில் ஊருக்குள் செவ்வரளி எல்லாம் காய்ந்து போயிருந்தது. சண்முகராஜ் அதிகம் அலைய விரும்புகிறவர் அல்ல. வெள்ளைக்கு எருக்கம்பூ வைத்தார். சிவப்புக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்ததை வைத்தார்.

கல்யாணசுந்தரி எடுத்துப் பிரித்தாள். உள்ளே கொடிரோஸ்.

"சிவப்பு! சாமி வேண்டாம்னுட்டாரு" என்றது கூட்டம்.

"இதுவா சிவப்பு?" என்று உயர்த்திக் காட்டினாள் அவள். "கண்ணைத் தொடச்சுட்டுப் பாருங்க. ரோஸு."

"அதுக்கு இன்னொரு மட்டம் போட்டுப் பாப்பம்" என்றார் ஒருவர்.

"எதுக்குய்யா இன்னொரு மட்டம்? நம்ம கேட்டது எதைப் பத்தி? இந்தக் கொடியைப் பத்தி. சாமி என்ன செஞ்சிருக்காரு? அதையே பிச்சு எங் கையில குடுத்துட்டாரு. வச்சுக்கோன்னா குடுப்பாரு? கொண்டு போன்னுல்லா குடுத்திருக்காரு!"

கூட்டம் சண்முகராஜைப் பார்த்தது. சண்முகராஜ் கல்லைப் பார்த்தார். கல் கொடிக்குள் இருந்ததால் முகக்குறிப்பு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, "அப்படியும் எடுத்துக்கிடலாம்தான்" என்றார். "ஆனா இரும்பு ஏறக்கூடாது. இன்னொண்ணும் சொல்லிப்புடுதேன். இந்த மழைக்குக் குருவி எறங்கலைன்னு வையி, சாமி பச்சையை உரிச்சவன் பூவனலிங்கம்னுதான் ஊரு சொல்லும்."

"எறங்குனா?"

"எறங்குனா சாமி செயலு."

ஊர்க்கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். பூவனலிங்கம் ஒப்புக்கொண்டார்.

இரும்பு இல்லாமல் மணிக்கட்டுத் தடிமன் கொடியை எப்படி அறுப்பது? நெருப்பு வைக்கலாம் என்றார்கள் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், தொழில்பற்றோடு. மரமும் சேர்ந்து போய்விடும். பூவனலிங்கம் பனங்காட்டுப் பக்கம் போய், கருக்குமட்டை ஒரு கட்டு வெட்டிவந்தார். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி கறுப்பு முள் வரிசை உண்டு. சின்ன வயதில் அதை வைத்து மரம் அறுத்து விளையாடாதவர்கள் அந்த ஊரில் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் அதே விளையாட்டை அவர் மறுபடி தொடங்கினார். மட்டையால் தண்டை ராவி ராவி அறுத்தார். கிடாக்கொம்பால் கிழங்கைத் தோண்டினார். நட்டதும் அதே கொம்பு, தோண்டுவதும் அதே கொம்பு. கை இரண்டும் கிழிந்து, சோற்றின் உப்புப் பட்டால் எரிந்தது. கல்யாணசுந்தரி ஒரு வாரம் தயிர்ச்சோறு பிசைந்து உருட்டித் தந்தாள். அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அறுத்த இடத்தில் புதுத் துளிர் வந்தது. ஒன்று அறுத்தால் இரண்டு. முதலாளி பொய் சொல்லவில்லை. அதற்கும் ஒரு வழி அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மாப்ள, ஆட்டைத் திட்டுல விடணும்."

கடற்கரை பல்லில் குச்சியோடு நிமிர்ந்தான். "என்னத்தான், ஆட்டு வாடை ஒத்துக்கிடாதே ஒங்களுக்கு?"

"ஏலே, வெளையாடாத."

"உண்ணி ஏறும்."

"நான் எடுக்கேன்."

"ஒவ்வொரு ஆட்டுக்குமா?"

"ஒவ்வொரு ஆட்டுக்கும்."

"காது மடல், தொடை இடுக்கு எல்லாம் பாக்கணும்."

"பாக்கேன்லே!"

"ஏட்டி அக்கா!" என்று கடற்கரை தெருவுக்கே கேட்கக் கூவினான். "ஒன் வீட்டுக்காரரு ஆட்டுக்காரரா ஆயிட்டாரு!"

உலகத்தில் எத்தனையோ தீவுகளை ஆடுகள் மொட்டையடித்திருக்கின்றன என்று முத்துச்செல்வி செல்போனில் அதையும் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு தொல்லையை இன்னொரு தொல்லையால்தான் தீர்க்க வேண்டியிருந்தது. கருவேலங்கன்றுகளுக்கெல்லாம் முள் மூடு போட்டுவிட்டு, பகலில் மட்டும் ஆடுகளை ஏற்றினார்கள். ஆடுகள் துளிரை ஒன்றுவிடாமல் மேய்ந்தன. சாயங்காலம் பூவனலிங்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டின் காதையும் மடித்து உண்ணி பொறுக்கினார். எந்த வாடைக்குப் பயந்து காடை, புழு, ஈ என்று ஊர் சுற்றினாரோ அந்த வாடை அவர் வேட்டியில் குடியேறியது.

ஆவணியில் ஈக்கள் போயின. பெட்டிகளில் கோழி அடைகாத்தது. கடைக்காரர்கள் தேன் கேட்பதை நிறுத்தினார்கள். ஊர் புதுப்பெயர் வைத்தது: கருக்குமட்டை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் பெருகி, மேடு மறுபடி தீவானது. மரங்கள் மொட்டையும் முறியுமாக நின்றன. பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். "எப்படி இருந்த எடம்!" சண்முகராஜ் தினமும் கரைக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பூவனலிங்கத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தீபாவளி வழக்கம்போலச் சத்தமில்லாமல் கழிந்தது. குருவி இல்லை. யாருக்காக இந்த மௌனம் என்று சிலர் கேட்கத் தொடங்கினார்கள். கார்த்திகை பிறந்தது. குருவி இல்லை. பூவனலிங்கம் கரையைவிட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கேயே வந்தது.

ஒரு காலையில் கல்யாணசுந்தரி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள். வெள்ளையும் கறுப்புமாக ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது. ஒரு நாரை காலை நீட்டி, மொட்டைக் கிளை ஒன்றில் தடுமாறி இறங்கியது. பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

பூவனலிங்கத்தின் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு நாரை திட்டிலிருந்து எழும்பி நேரே கரைக்கு வருகிறது. அவர் அறுத்துக் கொண்டுவந்து கரையில் குவித்துப் போட்டிருந்த கொடிக் குப்பையின் மேல் இறங்கியது. காய்ந்த கொடி ஒன்றை அலகால் இழுத்துப் பார்த்தது. நல்ல உறுதி. நல்ல நீளம். கூடு கட்ட அதைவிட வாகான சாமான் அந்தக் கரிசலில் வேறு இல்லை. கொடி நெடுகக் காய்ந்த பூக்கள். பூவுக்குப் பூ விதை. தூக்கிக்கொண்டு திட்டுக்குப் பறந்தது. அதைப் பார்த்து மற்ற நாரைகளும் வரத் தொடங்கின.

"ஏய்! ஏ…!" என்று பூவனலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

கல்யாணசுந்தரி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். "கத்தாதீங்க! குருவி எறங்கியிருக்கு. சத்தம் ஆகாது."

"வெதைட்டி… வெதை…" என்றார் அவள் கைக்குள்ளிருந்து.

"தெரியுது. பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர்கள் கண்முன்னாலேயே குப்பை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து திட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் சண்முகராஜ், பூசைக்கான தேங்காயோடு, "சாமி செயலு, சாமி செயலு" என்று அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பூவனலிங்கம் தூக்குவாளியைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவளிடம், குருவிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஒந் தம்பிகிட்டச் சொல்லி வையி. ஆனிக்கு ஆடு வேணும்."